முதுகில் எழுதாத பெயர்

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு சுற்று முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். ரேஸ்கோர்ஸ் பாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் என்று மைக்கில் கத்துகிறார்கள், என் நடைக்கு முக்கால் மணி நேரம் ஆகும், முக்கால் மணி நேரத்தில் ஒரு மகளிடம் அவள் அம்மா எதனால் செத்தாள் என்று சொல்ல முடியாதா, ஒரே ஒரு வரி, மோகனா, உன் அம்மா நெஞ்சுவலியில் போகவில்லை கண்ணு, மார்பில் புற்றுநோய், அவ்வளவுதான், மூச்சு வாங்காமல் சொல்லிவிடலாம். ஐந்து வருடமாக இந்த வரியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பல் விளக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், நன்றாக வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் என்னைப் போல வாய்ச்சொல் வீரன் இந்தக் கோயமுத்தூரில் கிடையாது. இப்போது பாருங்கள், புற்றுநோய்க்கான நடைப்பயணத்துக்கே வந்து நிற்கிறேன், ஊதா பனியன், நெஞ்சில் ஒரு ரிப்பன் படம், தொப்பையைக் கவ்விப் பிடிக்கிறது, இதைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவர் என் சம்பந்தி ராஜலிங்கம், அவருடைய சங்கம்தான் இதை நடத்துகிறது, பின்னால் கட்டியிருக்கிற பேனரில் "மறைக்காதீர், பேசுவோம், வெல்வோம்" என்று எழுதியிருக்கிறது. மறைக்காதீர் என்ற எழுத்து என் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. சிரிப்பு வருகிறது, பனியனைக் கீழே இழுத்து விட்டுக்கொள்கிறேன்.

கொடி அசைத்துவிட்டார்கள். கூட்டம் நகர்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டே ஓடுகிறார்கள், முன்னால் பேண்டு வாத்தியம், கல்யாண ஊர்வலம் போல இருக்கிறது. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு அட்டை குத்தியிருக்கிறது. நான் இன்னாருக்காக நடக்கிறேன் என்று அச்சடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். என் அம்மாவுக்காக, என் தாத்தாவுக்காக, ஒரு குழந்தை முதுகில் தம்பி பாப்பாவுக்காக என்று இருக்கிறது, அதை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. என்னிடம் அட்டையும் பேனாவும் கொடுத்தபோது கை தானாகவே வ என்று எழுதப் போனது. வசந்தாமணி என்று பெண்டாட்டி பெயரை எழுதிவிட்டிருந்தால் இந்த முக்கால் மணி நேரம்கூட வேண்டாம், முதுகே சொல்லியிருக்கும். "எல்லோருக்காகவும்" என்று எழுதினேன். சம்பந்தி படித்துவிட்டு, சம்மந்திக்குப் பெரிய மனசு என்று முதுகில் தட்டினார். பெரிய மனசு. எனக்குப் பத்தடி முன்னால் மோகனா போகிறாள், அவள் மாமியார் கலாமணியோடு பேசிக்கொண்டு, கை வீசி, அவள் அம்மா நடப்பது மாதிரியே இடது தோள் கொஞ்சம் இறங்கி. அவள் முதுகில் "ஷீலா மேடத்துக்காக" என்று எழுதியிருக்கிறது. ஆபீசில் யாரோ, போன வருடம் இறந்துபோனாளாம். என் மகள் ஊரான் பெண்டாட்டிக்காக நடக்கிறாள், பெற்றவளுக்காக நடக்க அவளுக்குத் தெரியாது, தெரியாமல் வைத்தவன் பின்னாலேயே அந்த அட்டையைப் படித்துக்கொண்டு போகிறேன். எழுத்து ஆடுகிறது, படிக்க முடிகிறது. கண் மட்டும் கெட்டுத் தொலையவில்லை.

கண்ணில் என்ன குறை, மில்லில் முப்பத்தோரு வருடம் நூலின் தரம் பார்த்தவன் நான். நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஓடவிட்டே சொல்வேன். பழுது இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன், மானேஜரே வந்து கெஞ்சினாலும் கிழிக்கமாட்டேன், சென்னியப்பன் ஒட்டின சீட்டு எமன் போட்ட கையெழுத்து என்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில், பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வரும்வரை தெரியவில்லை. அவளாகத்தான் சொன்னாள். தை மாதம், மோகனாவுக்கு உப்புச் சக்கரை மாற்றி ஒன்பதாம் நாள். உப்புச் சக்கரை மாற்றிவிட்டால் எங்கள் பக்கம் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, நல்ல இடம், ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் சொந்த வீடு, மாப்பிள்ளை கோகுல் புனேயில் வேலை, தங்கமான பையன், ஆவணியில் முகூர்த்தம். அவள் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே, ஏனுங்க, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்குதுங்க, ஒண்ணும் பண்ணல, சும்மா இருக்குது என்றாள். உள்ளூரில் காட்டவில்லை. கேரளா பக்கம் போனோம், கேட்டவர்களிடம் குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்றோம். அங்கே டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும், பயப்படாதீர்கள், திரும்ப வளரும் என்றார். வசந்தாமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆவணி வரைக்கும் தள்ளிப்போட முடியுங்களா?

முடி. எல்லாம் அந்த முடியால் வந்தது. திரும்பி வரும் வழியில் பாலக்காடு தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். முடி போச்சுன்னா மூஞ்சியில எழுதி ஒட்டின மாதிரிங்க, சம்மந்தி வூட்ல ஒரு கண்ணா ரெண்டு கண்ணா, நூறு கண்ணு இருக்குது. அம்மாளுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும்னு சொல்லி உப்புச் சக்கரையத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் என்ற புள்ளைய எவன் கட்டுவான், சொல்லுங்க? நான் என்ன சொன்னேன். அங்கேயே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு நாற்பத்து மூன்று வயசு, நீ இல்லாமல் என்னடி கல்யாணம் என்று கேட்டிருக்க வேண்டும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சரி, ஏழு மாசம்தானே என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம், நிம்மதியாக இருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். நான் ஆயிரம் சொல்லவில்லை, ஒன்றுதான் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் மருந்துக்கடையில்கூட விசாரிப்பார்கள் என்று வலி மாத்திரைக்குப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். கல்யாணத்தன்று அவள் பச்சைப் பட்டு உடுத்தி, தலை நிறைய மல்லிகை வைத்து, வந்தவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பூ வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்திருந்தாள், புண் உடைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கலாமணி என்னிடம் வந்து, அக்காவுக்கு எவ்வளவு முடிங்ணா, கண்ணு பட்டுரும் என்றாள்.

பாதை வளைகிறது. முட்டி வலிக்கிறது, வலிக்கட்டும். சொல், சொல், கூப்பிட்டு நிறுத்திச் சொல். எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறேன். தலை தீபாவளிக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், அப்போது வசந்தாமணி உயிரோடு இருந்தாள், சொன்னீங்கன்னா என்ற பொணத்துலதான் முழிப்பீங்க என்றாள். சொல்லாமலும் அவள் பிணத்தில்தான் விழித்தேன். கல்யாணம் முடிந்து கேரளாவுக்குப் போனபோது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார், ஈரலுக்குப் போய்விட்டது, இனி வலிக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வசந்தாமணியின் அம்மா எப்படி இறந்தாள் என்று கேட்டார், வயிற்றில் கட்டி, நாற்பது வயதில் என்றேன். அப்போதுதான் கேட்டார், உங்களுக்குப் பெண் இருக்கிறதா? இருக்கிறாள். இது ரத்த வழியில் வருகிற மாதிரி தெரிகிறது, அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள், முப்பது வயதானதும் வருடம் தவறாமல் பரிசோதிக்க வேண்டும், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார். மோகனாவுக்குப் போன மாதம் முப்பது முடிந்தது. கேக் வெட்டினாள், எனக்கு ஒரு துண்டு ஊட்டினாள், நான் விழுங்கினேன். வசந்தாமணி ஆனி மாதம் போனாள். புனேயிலிருந்து மோகனா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி கண்ணு, நிமிஷத்துல போயிட்டா என்றேன். குளிப்பாட்ட வசந்தாமணியின் அண்ணி ஒருத்தியை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன், அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே கொண்டுவந்து கிடத்தியதும் மோகனா அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஈர முடியை விரலால் கோதிக் கோதி, எவ்வளவு முடி பாருங்கப்பா, ஒண்ணுகூட நரைக்கல என்று அழுதாள். அந்த முடிக்கு அவள் அம்மா கொடுத்த விலை எனக்குத் தெரியும். நான் சாமியே என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

மோகனா திரும்பிப் பார்க்கிறாள். நிற்கிறாள். அப்பா, முட்டி வலிக்குதுங்ளா, சித்த உக்காந்துட்டு வரலாமா என்கிறாள். வேண்டாம் கண்ணு, நடக்கலாம் என்கிறேன். என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கூட்டம் எங்களைத் தாண்டிப் போகிறது, கலாமணி யாரோ தெரிந்தவர்களோடு நின்றுவிட்டாள், இப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும், இதைவிட நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அம்மா இருந்திருந்தா இந்நேரம் நம்மள விட்டுட்டு முன்னால போயிருப்பாங்க, இல்லீங்ளாப்பா என்கிறாள். ஆமாம் கண்ணு. அவள் கை சூடாக இருக்கிறது. உள்ளங்கையில் என் வியர்வை அவளுக்குத் தெரியும். சொல்கிறேன், இதோ சொல்கிறேன். "கண்ணு, உங்கம்மாளப் பத்தி ஒண்ணு சொல்லோணும்." நானா சொன்னேன்? என் குரல்தான். அவள் சொல்லுங்கப்பா என்று முகத்தைத் திருப்புகிறாள், அப்படியே வசந்தாமணியின் கண், நான் வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று வருகிறது, என்னுங்ணா, மெதுவா வர்றீங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க என்று மூச்சிரைத்துக்கொண்டு கலாமணி வந்து எங்களுக்கு நடுவில் சேர்ந்துகொள்கிறாள். நல்ல பெண்பிள்ளை. என் மகளை மகள் மாதிரி வைத்திருக்கிறாள், அதைப் பொய் சொல்லக் கூடாது. அப்புறம் பேசலாம்ப்பா என்று மோகனா கண்ணால் சொல்கிறாள். கலாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தனுங்ணா, சின்னவனுக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு எடம் வந்துச்சுங்ல்ல, வேண்டாம்னு விட்டுட்டோமுங்க" என்கிறாள். "புள்ள தங்கமான புள்ள, இஞ்சினீரிங் படிச்சிருக்குது. ஆனா புள்ளயோட அம்மாளுக்கு இந்தச் சீக்காமா. மூணு வருசத்துக்கு முந்தி ஆப்ரேசன் ஆச்சு, இப்ப நல்லாத்தான் இருக்கறாங்க. இருந்தாலும் தெரிஞ்சே போயி எப்படிங்ணா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு வந்தா? அதுக்குப் பொறக்கற புள்ளைக்கு வந்தா? பாவம், அவங்க மறைக்காமச் சொன்னாங்க. அதுக்கோசரம் கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் வந்தோம்." அவள் நெஞ்சிலும் ஊதா ரிப்பன். பாவமுங்க அத்தை அந்தப் புள்ள என்கிறாள் மோகனா. அதுக்கென்ன கண்ணு பண்றது, அவியவிய தலையெழுத்து என்கிறாள் கலாமணி.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அப்படியென்றால் வசந்தாமணி பயந்தது சரிதான். அவள் செத்தது வீணில்லை என்று சந்தோஷப்பட வேண்டுமா. கடவுளே, ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது, பார்த்தாயா, நீ கணக்குத் தப்பவில்லை என்று அவளிடம் சொல்லத் தோன்றியது, என்ன மனிதன் நான். கோகுல் நல்லவன், கல்யாணம் ஆகி ஆறு வருடத்துக்கு அப்புறம் யார் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள், ஒன்றும் செய்யமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் அவளைப் பார்க்கிற பார்வை மாறும். தும்மினால் பார்ப்பார்கள், இளைத்தால் பார்ப்பார்கள், உங்கப்பன் எங்களை ஏமாத்திப் போட்டான் என்று ஒரு நாள் யாராவது சொல்வார்கள், அவள் அந்தச் சொல்லோடு படுத்து எழ வேண்டும். சரி, அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம், மாமியார் வீட்டுக்குச் சொல்லாதே என்று. அப்போது அவளும் என்னோடு சேர்ந்து ஒளிக்க வேண்டும், பொள்ளாச்சிக்கு பஸ் ஏற வேண்டும். போன வருடம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன், என் மகளுக்கே, உன் தாய் புற்றுநோயில் இறந்தவள், நீ பரிசோதனை செய்துகொள், இப்படிக்கு நலம் விரும்பி. தபால் பெட்டி வரைக்கும் போய்க் கிழித்துப் போட்டேன். எனக்குப் பயம் எது என்று தெரியும். அவள் வாழ்க்கை கெடும் என்பது இல்லை. ஏம்ப்பா, அம்மாவ ஏழு மாசம் சும்மா விட்டீங்க என்று கேட்பாள். அதற்குத்தான் பயம். அந்தக் கேள்வியை அவள் வாயால் கேட்பதைவிட அவள் செத்தாலும் பரவாயில்லை என்று வைத்திருக்கிறேனா? அப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா? இருக்கிறான், முட்டியைத் தேய்த்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறான்.

முடிந்துவிட்டது. சுற்று முடிந்து பந்தல் தெரிகிறது, மோர் கொடுக்கிறார்கள், ராஜலிங்கம் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். பந்தல் ஓரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வண்டி, அதன் முன்னால் மேஜை போட்டு ஒரு நர்ஸ் அம்மா உட்கார்ந்திருக்கிறார், ஐம்பது வயது இருக்கும், பெண்களுக்கு இலவசப் பரிசோதனை. கலாமணி மோர் டம்ளரோடு மோகனாவைத் தள்ளிக்கொண்டு போகிறாள், போயி பேரு குடு கண்ணு, நாமளே நடத்திட்டு நாமளே பாக்கலீன்னா எப்படி என்று. நானும் பின்னாலேயே போகிறேன். பார்த்துவிடுவார்கள், நான் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள், முருகா, நான் வாயே திறக்க வேண்டாம். நர்ஸ் அம்மா பெயர் எழுதுகிறார், வயது எழுதுகிறார். "வூட்ல யாருக்காச்சும் இந்த நோய் இருந்துச்சுங்களா? அம்மா, பாட்டி?" "இல்லீங்க, எங்கம்மா ஹார்ட் அட்டாக்ல போனாங்க." நர்ஸ் அம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கிறார். "நீங்க அப்பாங்களா? அம்மா வழியில யாருக்காச்சும் இருந்து, இவங்களுக்குத் தெரியாம இருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருந்துச்சுன்னா இன்னைக்கே எல்லாம் பாத்து ரத்தமும் எடுத்துருவோம். இல்லீன்னா இவங்க நாப்பதுக்கு மேல வந்தாப் போதும்." அந்த அம்மாவின் முகம் நல்ல முகம். இப்படி ஒரு முகம் என்னிடம் வந்து இப்படி நிதானமாக ஒரு தடவையாவது கேட்காதா என்று ஐந்து வருடம் காத்திருந்தேன். கலாமணி மோரை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். மோகனா பார்க்கிறாள். இதுவரைக்கும் சொல்லாமல் இருந்தவன் நான், அது வேறு, கேட்டால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். "இல்லீங்க" என்றேன். சத்தமாக, தெளிவாக வந்தது. அந்த அம்மா ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு மோகனாவிடம் திரும்பி, உங்களுக்கு மாருல கட்டி, வலி, ஏதாச்சும் தட்டுப்பட்டுதுங்களா என்று கேட்டார்.

மோகனா உடனே சொல்லவில்லை. அரை நொடிதான், வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் வலது கை இடது பக்கம் போனது, போய்ப் பாதியில் நின்று, தோளில் அட்டை குத்தியிருந்த ஊசியைச் சரிசெய்வது போல மேலே ஏறிக்கொண்டது. அவள் மாமியாரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், தை மாதத்திலிருந்து ஆவணி வரைக்கும் தினமும் அந்தப் பார்வையோடு ஒரே வீட்டில் சாப்பிட்டேன். "இல்லீங்க" என்றாள். அவள் பொய் சொல்கிறாள். இருக்கிறது, அல்லது இருக்கிறதோ என்று பயப்படுகிறாள், எதுவாக இருந்தாலும் என் மகள் பொய் சொல்கிறாள், நான் சொன்ன அதே சொல்லை அதே தெளிவோடு. நான் இப்போது கத்த வேண்டும். மேஜையைத் தட்டிக் கத்த வேண்டும். கையில் யாரோ மோர் டம்ளரைத் திணித்தார்கள், வாங்கிக்கொண்டேன், கறிவேப்பிலை மிதந்தது, குடித்தேன். நர்ஸ் அம்மா இரண்டாவது கோட்டையும் போட்டு, தாளைத் திருப்பி, "அப்பச் சரிங்க, அடுத்தவங்க வாங்க" என்றார்.